இருபத்திரண்டு பேரும் இன்னும் இறங்கவில்லை

மாலை ஐந்து இருபத்தேழுக்கு நான் ஒரு பட்டனை அழுத்தினேன். எங்கள் ஆப் வைத்திருக்கிற அத்தனை பேரின் ஃபோனும் ஒரே நேரத்தில் சிணுங்கியது. 'முடிந்தது!! நீலம் அரையிறுதியில்!!' இரண்டிரண்டு ஆச்சரியக்குறி. ஒன்று போதும்தான். எனக்குத் தாராள மனசு.

ஒரே ஒரு சின்னச் சிக்கல். மேட்ச் முடியவில்லை.

இந்த டெஸ்க்குக்கு வருகிற ஒவ்வொரு ட்ரெய்னியும் முதல் வாரத்திலேயே என்னிடம் ரகசியமாக வந்து, "அண்ணா, அந்த நோட்டிஃபிகேஷன் அனுப்பினது நீங்கதானாமே?" என்று கேட்கிறான். ஆமாம், நான்தான். ஒவ்வொருத்தனுக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலிக்கிறது. அதனால் எழுதிப் போடுகிறேன். எனக்கு வயது இருபத்தாறு. இந்த டெஸ்க்கில் அது ரிட்டயர்மென்ட் வயது. எனவே பெரிய மனுஷன் மாதிரி அறிவுரை சொல்ல எனக்கு முழுத் தகுதி உண்டு.

1. எட்டுப் பேர், இரண்டு நாற்காலி

வேலை என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். மீட்டிங்கில் மாட்டிக்கொண்டவன், பஸ்ஸில் தொங்குகிறவன், மனைவிக்குப் பயந்து டிவி போடாதவன், இவர்களுக்காக நாம் மேட்ச் பார்த்து, நிமிடத்துக்கு நிமிடம் தமிழில் டைப் செய்து ஆப்பில் போட வேண்டும். லைவ் டெக்ஸ்ட் என்று பெயர். கண் ஸ்க்ரீனில், விரல் கீபோர்டில். மூளை எங்கே இருக்க வேண்டும் என்று யாரும் சொல்லித் தரவில்லை.

காலேஜ் முடித்துவிட்டு, அப்பாவின் பி.டபிள்யூ.டி. பரம்பரையில் சேராமல் தப்பிக்க வழி தேடிக்கொண்டிருந்தபோது இந்த வேலை கிடைத்தது. சென்னைக் கம்பெனி. போர்ட் பிளேரில் வீட்டிலிருந்தே பார்க்கலாம். முதல் நாள் வீடியோ காலில் எட்டு ட்ரெய்னி. ஏழு பேர் மெயின்லேண்ட். நான் மட்டும் போர்ட் பிளேர், லம்பா லைன் ஏரியா.

டெஸ்க் ஹெட் பெயர் விக்கி. சார் என்றால் கோபம் வரும், ப்ரோ என்றுதான் கூப்பிட வேண்டும். அவர் ஒவ்வொருவரிடமும் ஊர் கேட்டுக்கொண்டே வந்தார். என் முறை வந்ததும் முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சி.

"அந்தமானா? சூப்பர் ப்ரோ. உங்க கமென்ட்ரி நெட்ல வருமா, இல்ல கப்பல்ல அனுப்புவீங்களா?"

ஏழு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். முதல் நாள் இல்லையா.

அன்றைக்குத்தான் அவர் தன் மேலாண்மைத் தத்துவத்தை வெளியிட்டார். ஆசியக் கண்டத்துக் கிளப் போட்டியின் நாக்அவுட் சுற்றுகள் தொடங்கப்போகின்றன. பதினாறு அணிகள் எட்டாகும், எட்டு நாலாகும், நாலு இரண்டாகும். நம் டெஸ்க்கிலும் அப்படியே. ரவுண்ட் ஆஃப் சிக்ஸ்டீன் முடிந்ததும் எட்டு ட்ரெய்னி நாலாவோம். கால் இறுதி முடிந்ததும் நாலு இரண்டாகும். அந்த இரண்டு பேருக்குத்தான் நிரந்தர வேலை. வேகமும் சரியான தகவலும்தான் மார்க்.

"கேம் மாதிரி எடுத்துக்கங்க ப்ரோ," என்றார். அவருக்குக் கேம். எனக்குத் தோற்றால் பி.டபிள்யூ.டி.

2. பிடிஎஃப், ஒன்பதாம் பக்கம்

ட்ரெய்னிங்குக்கென்று ஒரு பிடிஎஃப் அனுப்பினார்கள். போட்டியின் விதிகள், எப்படி எழுதுவது, எதை எழுதக் கூடாது, மொத்தம் பன்னிரண்டு பக்கம். எட்டாம் வகுப்பிலிருந்து கால்பந்து பார்க்கிறவன் நான். எனக்கு பிடிஎஃப்பா? முதல் பக்கத்தில் கம்பெனி லோகோவைப் பார்த்தேன். நன்றாக இருந்தது. மூடிவிட்டேன்.

எட்டு பேர் நாலானதில் எனக்கு எந்தக் கஷ்டமும் இல்லை. என் விரல் அவ்வளவு வேகம். கால் இறுதியில் எனக்கு எதிரே நிறுத்தப்பட்டவள் திருநெல்வேலி திவ்யா. அவள் ஒரு மேட்ச் எழுதுவாள், நான் ஒரு மேட்ச் எழுதுவேன், மார்க் அதிகம் வாங்குகிறவருக்கு நாற்காலி. குரூப்பில் எல்லாரும் மீம் போடும்போது அவள் மட்டும் 'ஆறாம் பக்கத்தில் ஒரு சந்தேகம்' என்று கேள்வி கேட்பாள். பாவம், படிப்பாளி, என்று நினைத்துக்கொண்டேன்.

எனக்கு வந்த மேட்ச்சில் இரண்டு கிளப். பெயர் சொன்னால் ரசிகர்கள் இன்னொரு முறை சண்டைக்கு வருவார்கள், ஏற்கெனவே ஒரு முறை வந்துவிட்டார்கள். சட்டை நிறத்தை வைத்து நீலம், ஆரஞ்சு என்றே சொல்கிறேன். நாக்அவுட்டில் ஒரே ஜோடி இரண்டு முறை ஆடும், ஒன்று உன் ஊரில், ஒன்று என் ஊரில். இரண்டிலும் போட்ட கோலைக் கூட்டிப் பார்த்து யார் மேலே போவது என்று முடிவு.

முதல் மேட்ச் ஆரஞ்சின் ஊரில். ஆரஞ்சு இரண்டு, நீலம் ஒன்று. அன்று நெட் நன்றாக இருந்தது, நானும் நன்றாக எழுதினேன். திவ்யாவை விட நான் இரண்டு மார்க் முன்னால். அடுத்த வாரம் நீலத்தின் ஊரில் இரண்டாவது மேட்ச். அது முடிந்தால் நாற்காலி என்னுடையது. உட்கார்ந்து பார்ப்பதுகூட மனதில் ஓடியாகிவிட்டது.

3. வட்டம் சுற்றிய நாள்

அடுத்த வாரம் காலையிலிருந்தே மழை. நம் ஊரில் மழைக்கும் நெட்டுக்கும் என்ன பகை என்று எந்த இன்ஜினியரும் இதுவரை விளக்கியதில்லை. ஆட்டம் மதியம் மூன்றரைக்கு. மூன்று மணிக்கு வீடியோவைப் போட்டேன். நடுவில் ஒரு வட்டம் வந்து சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. டெக்ஸ்ட் மட்டும் எப்படியோ போனது. அதாவது எழுத முடியும், பார்க்க முடியாது.

எங்கள் வீட்டு டிவியில் அப்பா எடுத்து வைத்திருக்கும் பேக்கில் மூன்று பக்திச் சேனல், நான்கு சீரியல் சேனல். ஸ்போர்ட்ஸ் சேர்க்க ரீசார்ஜ் பண்ண வேண்டும். ரீசார்ஜ் பண்ண நெட் வேண்டும். அப்போதுதான் பாம்பூஃப்ளாட் செல்வம் ஞாபகத்துக்கு வந்தான். என் கிளாஸ்மேட். அவன் வேலைக்கு மெயின்லேண்ட் போய்விட்டான், ஆனால் அவன் போட்ட ஸ்போர்ட்ஸ் சேனல் பேக் வீட்டு டிவியிலேயே இருக்கிறது. அங்கே இருப்பது அவன் அக்கா, தனலட்சுமி அக்கா.

கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற பாம்பூஃப்ளாட்டிலிருந்து எங்கள் பக்கத்துச் சாத்தம் வரும் ஃபெர்ரிக்கு, ஜெட்டியில், அதாவது படகுத்துறையில், டிக்கெட் செக் பண்ணுவது அக்காவின் வேலை. ஏறுகிற ஆளை எண்ண வேண்டும், இறங்குகிற ஆளை எண்ண வேண்டும். குடும்பம் சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து கச்சால் தீவு ரப்பர் தோட்டத்துக்கு வந்து, அங்கிருந்து பாம்பூஃப்ளாட் வந்தது. அன்று காலை ஷிஃப்ட் முடிந்து அக்கா வீட்டில் இருந்தார். கால்பந்தைப் பற்றி அவருக்குத் தெரிந்தது, அது ரவுண்டாக இருக்கும் என்பது.

அங்கேயே போய்விடலாம் என்றால் பாம்பூஃப்ளாட்டில் அன்று டெக்ஸ்ட்கூடப் போகவில்லை. ஆனால் வாய்ஸ் கால் வேலை செய்தது. ஃபோன் போட்டு விஷயத்தைச் சொன்னேன். டிவியைப் பார்த்துச் சொன்னால் போதும், மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். போர்ட் பிளேர் அபர்டீன் பஜாரில் டெய்லரிடம் பிளவுஸ் வாங்கப் போக வேண்டும், ஐந்தே முக்கால் ஃபெர்ரிக்குக் கிளம்பணும், அதுவரைக்கும் சொல்றேன் என்றார்.

விக்கி ப்ரோவிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் மேட்ச்சை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார், நாற்காலியும் கூடவே போய்விடும். அதனால் சொல்லவில்லை. இந்த வரியை ட்ரெய்னிகள் அடிக்கோடிட்டுக்கொள்ளவும்.

4. அக்கா கண்ணில் ஒரு மேட்ச்

ஃபோனை ஸ்பீக்கரில் போட்டு கீபோர்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். அக்கா முதலில் செய்த வேலை, எண்ணியது.

"இந்தப் பக்கம் பதினொண்ணு, அந்தப் பக்கம் பதினொண்ணு. கறுப்புச் சட்டைல மூணு பேரு இருக்கான், அவனுங்களையும் சேக்கணுமா?"

"வேணாம்கா, அவங்க ரெஃப்ரி, ஸ்டாஃப்."

"அப்ப ஃப்ரீ பாஸ்."

ஆஃப்சைடு, கார்னர் என்று எந்தச் சொல்லும் அவரிடம் இல்லை. கண்ணில் படுவதை மட்டும் சொன்னார். அதை நான் கால்பந்துத் தமிழாக்கினேன். 'நீலச் சட்ட ஏழாம் நம்பரு ஓரமாவே ஓடுறான், நடுவுல வரவே மாட்டேங்குறான்' என்றால், 'வலது விங்கில் ஏழாம் எண் வீரரின் ஆதிக்கம்'. 'எல்லாரும் சும்மா நின்னு பேசுறானுங்க' என்றால், 'ஃப்ரீ கிக்குக்கு முன் வியூகம்'. நான் எவ்வளவு பெரிய மோசடிப் பேர்வழி என்று எனக்கே அன்றுதான் தெரிந்தது.

ஒரு கட்டத்தில் மொழிபெயர்க்க நேரமில்லாமல் அக்கா சொன்னதை அப்படியே போட்டேன். 'பத்தாம் நம்பர் விழுந்தார். யாரும் தொடவில்லை. காலைப் பிடித்துக்கொண்டு கத்துகிறார். இப்போது ஒரு கண்ணைத் திறந்து ரெஃப்ரியைப் பார்க்கிறார்.' கமென்ட்டில் ஜனம் விழுந்து விழுந்து சிரித்தது. 'செம லைன் ப்ரோ, இந்த ஸ்டைல் கன்டினியூ' என்று விக்கி ப்ரோ மெசேஜ் போட்டார்.

அரை மணி நேரம் ஆனபோது ஆரஞ்சில் பத்து பேர்தான் இருப்பதாக அக்கா சொன்னார். சிவப்பு அட்டை காட்டினார்களா என்று பதறினேன். அதெல்லாம் இல்லை, ஒருத்தன் ஓரத்தில் நின்று கிழிந்த டிராயரை மாற்றிக்கொண்டிருக்கிறான் என்றார். டிவி கமென்ட்டேட்டர்கள் அதைக் கவனிப்பதற்கு முன்பே என் வரி ஆப்பில் வந்துவிட்டது. ஆளை மாற்றும்போது 'ஒருத்தன் இறங்குறான், ஒருத்தன் ஏறுறான், கணக்கு சரி' என்பார். கணக்கு எப்போதும் சரியாகத்தான் இருந்தது.

எழுபத்தோராம் நிமிடம். "டேய், வலை ஆடுதுடா," என்றார் அக்கா. "நீலம் போட்டுட்டான்."

நீலம் ஒன்று, ஆரஞ்சு பூஜ்யம். அதற்குப் பிறகு கோல் இல்லை. விசில் ஊதியாகிவிட்டது என்று அக்கா சொன்னதும் என் மூளையின் சூப்பர் கம்ப்யூட்டர் ஓடியது. இரண்டு மேட்ச்சையும் கூட்டினால் இரண்டுக்கு இரண்டு, சமம். ஆனால் நீலம் எதிராளி ஊரில் ஒரு கோல் போட்டிருக்கிறது. ஆரஞ்சு எதிராளி ஊரில் ஒன்றுமே போடவில்லை. சமமானால் வெளியூர்க் கோல் அதிகம் போட்டவன் மேலே போவான். அவே கோல் விதி. எட்டாம் வகுப்பிலிருந்து எனக்குத் தெரியும்.

"அவ்ளோதான்கா, நீலம் ஜெயிச்சாச்சு. தேங்க்ஸ்கா, நீங்க டிவிய அணைச்சிட்டுக் கெளம்புங்க."

"கதம் ஆன மாதிரி தெரியலயேடா. இருபத்திரண்டு பேரும் அங்கனயேதான் நிக்கிறான். ஒருத்தனும் எறங்கல. தண்ணி குடிக்கிறான், ஒருத்தனுக்குக் கால அமுக்கி வுடுறாங்க. ஜெயிச்சவன் இப்பிடியா குந்தியிருப்பான்?"

"அக்கா, அது அவே கோல் ரூலுகா. உங்களுக்குப் புரியாது."



"சரிடா. படிச்ச புள்ள சொல்ற," என்று வைத்துவிட்டார்.

மணி ஐந்து இருபத்தேழு. பட்டனை அழுத்தினேன்.

5. ஒன்பதாம் பக்கம் மறுபடியும்

முதல் கமென்ட் மரியாதையாகத்தான் வந்தது. 'அண்ணா, எக்ஸ்ட்ரா டைம் ஆரம்பிச்சாச்சு. நீங்க எந்த மேட்ச் பாக்குறீங்க?' அதற்கடுத்து வந்தவற்றில் மரியாதையும் இல்லை, அண்ணாவும் இல்லை. என் அம்மா, என் ஊர், என் படிப்பு எல்லாவற்றையும் தொட்டுச் சென்றார்கள்.

பிடிஎஃப்பைத் திறந்தேன். ஒன்பதாம் பக்கம், நடுவில், தடித்த எழுத்தில்: இந்தப் போட்டியில் வெளியூர்க் கோல் விதி இப்போது இல்லை. சமமானால் முப்பது நிமிடம் கூடுதல் ஆட்டம். தடித்த எழுத்தில் போட்டும் படிக்காதவனுக்கு இன்னும் எப்படித்தான் போடுவார்கள்?

அக்காவுக்கு ஃபோன் அடித்தேன். எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன். ஜெட்டிக்குக் கிளம்பியிருப்பார், ஃபோன் பையில் இருக்கும். எங்கள் தீவில் ஐந்தரைக்கே இருட்டும், வெளியே இருட்டிவிட்டது. ஸ்க்ரீனில் வட்டம் அதே நிதானத்தோடு சுற்றிக்கொண்டிருந்தது. முப்பது நிமிட ஆட்டத்துக்கு எனக்குக் கண்ணே இல்லை.

நிஜத்தைச் சொல்லிவிடுகிறேன், என் விரல் தானாகவே டைப் செய்ய ஆரம்பித்தது. 'நடுக்களத்தில் கடும் போட்டி.' யார் வந்து பொய் என்று சொல்லப்போகிறான்? நடுக்களத்தில் எப்போதும் கடும் போட்டிதான். 'இரு அணிகளும் எச்சரிக்கையுடன்.' இப்படியே முப்பது நிமிடம் ஓட்டிவிடலாம். அனுப்பு பட்டன் மேல் விரல் இருந்தபோது விக்கி ப்ரோவின் ஃபோன் வந்தது.

"ப்ரோ, ஸ்டேடியத்துல லைட்ட அணைச்சிட்டாங்களா, இல்ல நீங்க மட்டும் வீட்டுக்குப் போய்ட்டீங்களா?"

"ஸாரி ப்ரோ. ரூல் தப்பா நெனச்சிட்டேன்."

"ஓகே. இப்ப பால் யார்கிட்ட இருக்கு?"

எத்தனையோ பொய் சொல்லியிருக்கலாம். நீலத்திடம் என்றால் சரியாக இருக்க பாதி வாய்ப்பு உண்டு. நான் ஸ்க்ரீனைப் பார்த்தேன். வட்டம்.

"தெரியாது ப்ரோ. எனக்கு வீடியோ வரல."

"எப்பலேர்ந்து?"

"மூணு மணிலேர்ந்து."

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு. "அப்ப இவ்ளோ நேரம் மேட்ச் பாத்தது யாரு?"

"ஒரு அக்கா, ப்ரோ."

"எந்த அக்கா?"

"ஃபெர்ரில டிக்கெட் செக் பண்ற அக்கா."



திவ்யாவின் மேட்ச் கூடுதல் நேரமில்லாமல் முடிந்திருந்தது. விக்கி ப்ரோ மிச்சத்தை அவளிடம் கொடுத்தார். அவள் முதல் வரியில், 'முன்பு அனுப்பிய அறிவிப்பு தவறு. ஆட்டம் தொடர்கிறது. மன்னிக்கவும்' என்று என் பெயரைச் சொல்லாமல் எழுதினாள். அந்த நாகரிகம்தான் எனக்கு அதிகம் வலித்தது. முடிய இரண்டு நிமிடம் இருக்கும்போது ஆரஞ்சு ஒரு கோல் போட்டது. ஆரஞ்சு அரையிறுதியில். நான் எழுதியதற்கு நேர் எதிர். தப்பு என்றால் அரைகுறையாகச் செய்கிற ஆள் இல்லை நான்.

நாற்காலி திவ்யாவுக்குப் போனது. 'நைஸ் ஜர்னி ப்ரோ' என்று எனக்கு ஒரு மெசேஜ் வந்தது. அப்பா விஷயத்தைக் கேட்டுக்கொண்டார். டெண்டர் நோட்டீஸ் டைப் அடிக்க ஆபீஸில் ஆள் எடுப்பதாக மட்டும் சாப்பிடும்போது பொதுவாகச் சொன்னார்.

6. ஜெட்டி

மறுநாள் சாத்தமிலிருந்து ஃபெர்ரி ஏறி பாம்பூஃப்ளாட் போனேன். போட் கரையில் கட்டியதும் ஜனம் முண்டியடித்து இறங்கியது. அக்கா ஓரமாக நின்று உதடு அசைய எண்ணிக்கொண்டிருந்தார். அடுத்த ட்ரிப்புக்கான கூட்டம் கேட்டில் திட்டிக்கொண்டு நின்றது. கடைசியாக ஒரு ஆள், கோழிக்கூடையோடு மெதுவாக இறங்கினார். அதற்கப்புறம்தான் அக்கா கையைக் காட்டி கேட்டைத் திறக்கச் சொன்னார்.

பக்கத்தில் போய் நின்றேன். நீங்க சொன்னதுதான் சரி, மேட்ச் முடியலை, நான்தான் தப்பா அனுப்பிட்டேன், வேலை போயிடுச்சு என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே கேட்டார்.

"நான் என்னாத்த சரியா சொன்னேன்? எனக்கு அந்த ஆட்டமே தெரியாது. ஆளு எறங்கலன்னேன். நான் எண்ணுனேன்டா, எண்றதுதான் என் வேல. ஒன் வேல என்னா?"

பார்த்து எழுதுவது என்று சொல்ல வாயெடுத்தேன். 

"பிளவுஸு கெடச்சுதாக்கா?" என்று பேச்சை மாற்றினேன்.

"அந்தாளு இன்னும் வெட்டவே இல்ல. முடிஞ்சுது வந்து வாங்கிக்கன்னு ஃபோன்ல சொன்னான். ஒன்ன மாதிரி."

7. சப்ஸ்டிட்யூட்

கால்பந்தில் தோற்றுப் போன அணியைத் திரும்பக் கூப்பிட மாட்டார்கள். கம்பெனியில் கூப்பிடுவார்கள், வேறு ஆள் கிடைக்காதபோது. நாற்காலி வாங்கிய இன்னொரு பையன் மூன்றே வாரத்தில் பேங்க் பரீட்சை பாஸாகிப் போய்விட்டான். இறுதி ஆட்டத்துக்கு முன்னால் விக்கி ப்ரோவிடமிருந்து கால் வந்தது. என்னை சப்ஸ்டிட்யூட்டாக இறக்குகிறாராம். ஒரே நிபந்தனை: வீடியோ வராவிட்டால் அந்த நிமிடமே சொல்லிவிட வேண்டும். வெட்கமே இல்லாமல் சரி என்றேன். பி.டபிள்யூ.டி. டைப்பிஸ்ட் வேலைக்கு அப்பா வாங்கி வைத்திருந்த ஃபார்ம் இன்னும் ஃப்ரிட்ஜ் மேல் இருக்கிறது.

அதற்குப் பிறகு நாலு சீசன் ஆகிவிட்டது. விக்கி ப்ரோ வேறு கம்பெனிக்குப் போய் அங்கே யாரையோ நாக்அவுட் செய்துகொண்டிருக்கிறார். திவ்யா டெஸ்க் ஹெட். ட்ரெய்னிகளுக்குப் பாடம் நடத்துவது நான். பாடம் ஒன்றுதான்: தெரிந்ததை எழுதாதே, தெரிகிறதை எழுது. தெரியவில்லையென்றால் தெரியவில்லை என்று சொல். பிடிஎஃப் இப்போது பதினாறு பக்கம். ஒன்பதாம் பக்கத்தை எல்லாரையும் சத்தமாகப் படிக்கச் சொல்கிறேன். கொடுமைதான், தெரியும்.

அக்கா இப்போது நாக்அவுட் சுற்று ஒன்றுகூட விடுவதில்லை. ஷிஃப்ட் மாற்றிக்கொண்டு பார்க்கிறார். ஆரஞ்சு கட்சி. ஏனென்று கேட்டால், அன்றைக்கு இருட்டுகிற வரைக்கும் எறங்காம நின்னானே, அதுக்காக என்கிறார். ஆஃப்சைடு மட்டும் இன்னும் புரியவில்லையாம், அது ஒரு அநியாயம் என்கிறார். அதில் எனக்கும் உடன்பாடு உண்டு.

போன சீசன் இறுதி ஆட்டம். என் ஸ்க்ரீனில் வீடியோ கண்ணாடி மாதிரி வந்தது. கடைசி விசில் ஊதியதும் புது ட்ரெய்னி வீடியோ காலில் பரபரத்தான், 'அண்ணா, அனுப்பிடவா, அனுப்பிடவா, மத்த ஆப்பெல்லாம் போட்டுட்டாங்க' என்று. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், முடிந்த மாதிரிதான் இருந்தது. இருந்தாலும் இன்னொரு ஃபோனை எடுத்து பாம்பூஃப்ளாட்டுக்கு அடித்தேன்.

"அக்கா, எத்தன பேரு?"

"பதினெட்டு பேரு எறங்கிட்டான். நாலு பேரு இன்னும் கறுப்புச் சட்டகூட சண்ட போட்டுக்கிட்டு நிக்கிறான். அவரு காதுல மிஷின வச்சு எதையோ கேக்குறாரு. நில்லு."

நின்றேன்.